நான் சொல்லாமல் வைத்திருந்த ஆல்பம்

"இப்ப என்னங்க கேட்டுட்டிருக்கீங்க?" என்று இசைப் பைத்தியங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது வழக்கம். இந்தக் கேள்விக்கு நான் பொய் சொன்னதில்லை, உண்மையையும் சொன்னதில்லை. சமீபத்தில் கேட்டவற்றில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ பிடித்த ஆல்பத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, உயிராய்ப் பிடித்ததை உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்வேன். பணவிஷயத்தில் நான் தாராளம். இதில் மட்டும் கடைந்தெடுத்த கஞ்சன்.

பழியை கேசட் காலத்தின் மேல் போடலாம். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' 1986இல் வந்தது. தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்கிற்கும் காணிக்கை என்று அவர் செய்த ஆல்பம். காசு சேர்த்து வாங்கிய அந்தக் கேசட்டைக் கல்லூரி நண்பன் ஒருவன் இரவல் கேட்டான், கொடுத்தேன். கடையில் வாங்கும் கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்னக் குழிகள் இருக்கும், மேலே வேறு எதையும் பதிய முடியாதபடி. குழியில் துண்டு செல்லோ டேப்பை ஒட்டிவிட்டால் அந்தக் காவல் போச்சு. திரும்பி வந்த கேசட்டில் செல்லோ டேப் ஒட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. பி பக்கம் போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தேன். வி.எஸ்.நரசிம்மனின் வயலின் ஏறிக்கொண்டே போய், டக்கென்று அறுந்து, ஒரு குழந்தை பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிக்க ஆரம்பித்தது. பக்கத்தில் ஒரு பெண் குரல், "இன்னும் சத்தமா சொல்லு சாமி" என்றது. குழந்தை நன்றாகத்தான் சொன்னது. பதினாறு எட்டில் மட்டும் கொஞ்சம் தடுமாற்றம்.

அன்றோடு இரவல் நின்றது.

ஆனால் இந்தச் சாக்கு இன்றைக்குச் செல்லாது. இப்போது ஒரு லிங்க்கை அனுப்பினால் நம்மிடமிருந்து எதுவும் குறைவதில்லை. யாரும் அதன்மேல் வாய்ப்பாடு பதியப் போவதில்லை. அப்படியும் கை வரவில்லை என்றால் அச்சம் கேசட்டைப் பற்றியதல்ல. எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் "நல்லாருக்குங்க" என்று ஒரு பதில் உண்டு. சாப்பாட்டுக்குச் சொல்லலாம், மருமகனுக்குச் சொல்லலாம், பிடிக்காத எதற்கும் சொல்லலாம். மரியாதை குறையாமல் ஒரு விஷயத்தைக் குழிதோண்டிப் புதைக்க இதைவிட நல்ல கருவி கிடையாது. நான் பல இரவுகள் கேட்டு அழுத ஒன்றை ஒருவர் பஸ்ஸில் போகிற போக்கில் கேட்டுவிட்டு "நல்லாருக்குங்க" என்று சொன்னால் தாங்க முடியாது. மூன்றாவது இடத்து ஆல்பத்துக்கு அதைச் சொன்னால் வலிக்காது. கணக்கு அவ்வளவுதான்.

பீளமேட்டில் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கூடுவோம். ஒவ்வொரு முறையும் ஒருவர் ஒரு ஆல்பம் கொண்டுவர வேண்டும். முதல் பாட்டிலிருந்து கடைசிவரை ஓடும். இடையில் பேச்சு கூடாது, போன் குப்புறக் கிடக்க வேண்டும். இது பெரிய தவமெல்லாம் இல்லை. பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய இருபது நிமிடம்தான் பிடிக்கும் என்பதால் அந்தக் கால ஆல்பங்கள் பெரும்பாலும் நாற்பது நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும். டீ ஆறுவதற்குள் முடிகிற சமாசாரமில்லை, ஆனால் போண்டா தீர்வதற்குள் முடிந்துவிடும். வங்கியில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் ஷக்தி குழுவின் 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி'யைக் கொண்டுவந்து, விக்கு விநாயக்ராமின் கடத்துக்காகவே கேட்கச் சொன்னார். எங்களில் இளையவரான தம்பி ஒருவர், அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து செய்த 'தெருக்குரல்' ஆல்பத்தைப் போட்டு மாடியை அதிரவைத்தார். நான் என் வழக்கப்படி பாதுகாப்பான சரக்கையே கொண்டுபோனேன். ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலோடு வந்த 'நத்திங் பட் விண்ட்' அப்படி ஒன்று. அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்று தெரியும்.

கூட்டத்தில் மூத்தவர் ஓர் அண்ணன், நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் முறை வந்தபோது காருக்குறிச்சி அருணாசலத்தின் பழைய நாதஸ்வரப் பதிவுகளைக் கொண்டுவந்தார். தட்டிவிடுவதற்கு முன், "இதைவிட எனக்குப் பிடிச்சது ஒண்ணுமில்லைங்க. பிடிக்காட்டி பிடிக்கலைன்னு சொல்லிடுங்க" என்றார். முன்னுரை இல்லை, தற்காப்பு இல்லை. அவருடைய துணிச்சலைப் பார்த்து எனக்கு வெட்கமாகிவிட்டது. அடுத்த முறை என்னுடையது. பூட்டைத் திறந்தேன்.

ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா', 1971இல் வந்தது. ஆலிஸ் டெட்ராய்ட்டில் பிறந்த கறுப்பினப் பெண், பியானோ கலைஞர். கணவர் ஜான் கோல்ட்ரேன், ஜாஸ் உலகின் சிகரம். 1967இல் நாற்பது வயதில் ஈரல் புற்றுநோயில் போய்விட்டார். அவர் சொல்லி வைத்திருந்த ஹார்ப் அவர் காலமான பிறகுதான் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆலிஸ் பிள்ளைகளோடும் அந்த ஹார்ப்போடும் மிஞ்சினார். தூக்கம் கெட்டு, உடல் இளைத்து, உருக்குலைந்திருந்த காலத்தில் அவருக்குக் குருவாகக் கிடைத்தவர் சுவாமி சச்சிதானந்தா. ஆல்பத்தின் பெயரில் இருப்பவர் அவர்தான். 1970 நவம்பரில் நியூயார்க் மாநிலத்தில் டிக்ஸ் ஹில்ஸ் என்னும் இடத்தில், கோல்ட்ரேன் குடும்பத்து வீட்டிலேயே இருந்த ஸ்டூடியோவில் பெரும்பகுதியைப் பதிந்தார்கள். அடுத்த மாதம் குருவோடு இந்தியாவுக்குப் புறப்படவிருந்தார் ஆலிஸ். 'ஸ்டாப்ஓவர் பாம்பே' என்றொரு பாட்டு அந்தப் பயணத்தை எண்ணிப் பிறந்தது.

இவ்வளவையும் நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. பெயரை மட்டும் சொல்லித் தட்டிவிட்டேன்.

முடிந்ததும் வங்கி அக்காதான் முதலில் கேட்டார், "சச்சிதானந்தான்னா எந்தச் சாமிங்க?" செட்டிபாளையத்துக்காரர் என்றேன். மாடியில் ஒரே கலவரம். "நம்ம செட்டிபாளையமா? எங்க பெரியம்மா ஊருங்க அது!" ஆமாம், கோயமுத்தூரை ஒட்டிய அதே செட்டிபாளையம்தான். 1914இல் அங்கே பிறந்து, சிவானந்தரிடம் தீட்சை பெற்று, அமெரிக்கா போய், 1969 ஆகஸ்ட் 15 அன்று உட்ஸ்டாக் இசைவிழாவில் லட்சக்கணக்கான இளைஞர்கள் முன் தொடக்க உரை ஆற்றியவர். கொஞ்ச நேரத்துக்கு ஆலிஸை எல்லோரும் மறந்துவிட்டார்கள். யார் யாருக்கு அங்கே சொந்தம், எந்தத் தோட்டம் யாருடையது என்று பேச்சு போய்விட்டது. என் பொக்கிஷத்தின் கதி இதுதானா என்று உட்கார்ந்திருந்தேன்.

மில் அண்ணன் மட்டும் அந்தப் பேச்சில் சேரவில்லை. போண்டாவைத் தொடவில்லை. "முதல் பாட்டை இன்னொருக்கா போடுங்க" என்றார். போட்டேன். "அந்தத் தடிச்ச தந்தி வாத்தியம் வாசிக்கிறது யாருங்க?" டபுள் பேஸ், செசில் மெக்பீ என்றேன். "அவருதான் பாட்டு. மத்தவங்கல்லாம் அவரு மேல ஏறி நிக்கறாங்க."

எனக்கு அது புதிது. இத்தனை வருடமும் அந்தப் பாட்டில் நான் கேட்டது ஹார்ப்பை. ஆலிஸின் விரல்கள் தந்திகளின் மேல் மேலும் கீழும் ஓடுவது, பின்னால் தம்புரா, அப்புறம் ஃபாரோ சாண்டர்ஸின் சொப்ரானோ சாக்ஸபோன் நுழையும் இடம். பேஸ் அடியில் எங்கேயோ கிடந்தது. அண்ணன் விளக்கினார்: "மில்லுல நூல் நூக்கற ரிங் ஃப்ரேம் வரிசையா ஓடும்போது காதை அடைக்கிற சத்தமுங்க. அதுக்குள்ளதான் எது மக்கர் பண்ணுதுன்னு கண்டுபிடிக்கணும். ஒரே மாதிரி ஓடறதைக் காது பிடிச்சு வெச்சுக்கிட்டாத்தான் மாறினது தெரியும். இதுல தம்புரா அசையுது, மணியெல்லாம் சிதறுது. அசையாம நிக்கறது அந்தத் தந்திதான். சுருதிப்பெட்டி வேலையை அவரு பாக்கறாரு."

வீட்டுக்கு வந்து ஹெட்போனில் போட்டுப் பார்த்தேன். பேஸ் தொடக்கத்திலேயே இருக்கிறது, ஒரே சின்ன வடிவம். ஆறு நிமிடத்துக்கு மேல் ஏறக்குறைய அதையே திரும்பத் திரும்ப வாசிக்கிறார் மெக்பீ. ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தத்தில் மட்டும் மயிரிழை வித்தியாசம். சாண்டர்ஸ் உள்ளே வரும் இடத்தில் பேஸ் துள்ளும் என்று எதிர்பார்த்தேன், துள்ளவில்லை. அவர் அவ்வளவு தைரியமாக மேலே போவதற்குக் காரணமே கீழே அது இருந்த இடத்தில் இருப்பதுதான். சொந்தம் கொண்டாடிக்கொண்டிருந்த ஆல்பத்தில் பாதியை நான் கேட்டதேயில்லை. யாரிடமும் கொடுக்காமல் இருந்திருந்தால் மீதியையும் ஹார்ப் என்றே நினைத்துப் போய்ச் சேர்ந்திருப்பேன்.

பயந்ததும் நடக்காமல் இல்லை. அடுத்த கூட்டத்தில் தம்பி தயங்கித் தயங்கி, "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. யோகா கிளாஸ்ல போடற மியூசிக் மாதிரி இருக்குங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "நல்லாருக்குங்க" என்று சொல்லாமல் விட்டாரே என்ற ஆறுதலும் இருந்தது. பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மில் அண்ணன் பாய்ந்தார். "யோகா கிளாஸ்காரங்கதான் தம்பி இதைப் பாத்து எடுத்துக்கிட்டாங்க. இதுல ட்ரம்ஸ் வாசிக்கற ரஷீத் அலி என்ன பண்றாருன்னு கேட்டியா?" ரஷீத் அலி என்ற பெயரை அவர் எங்கே பிடித்தார் என்று தெரியவில்லை, நான் சொல்லிக் கொடுக்கவில்லை. தம்பி விடுவதாக இல்லை. "தாளம் எங்கேண்ணா விழுது? காட்டுங்க பார்ப்போம்" என்றார். அக்கா மெக்பீ பக்கம் சேர்ந்துகொண்டார். மூன்று பேரும் போனை நடுவில் வைத்து அதே நிமிடத்துக்குப் பின்னால் தள்ளித் தள்ளிப் போட்டுச் சண்டை பிடித்தார்கள். அந்த மாதம் முறை யாருடையது என்பதே மறந்துபோய்விட்டது. நான் போண்டாவை எடுத்துக்கொண்டேன்.