சித்திரைப் பிறப்பும் பொய்லா பொய்ஷாக்கும்

பெட்டாலிங் ஜெயாவின் சுங்கை வே, 1970களில் தடையற்ற வணிக வலயமாக வளர்ந்து, முன்பு தமிழ்த் தொழிலாளர்களையும் பின்னர் வங்கதேசத் தொழிலாளர்களையும் தன் ஆலைகளுக்குள் ஈர்த்த இடம் என்பதால், இரு சமூகங்களின் அன்றாட வழக்கங்களை ஒருங்கே வைத்துப் பார்ப்பதற்கு மிகவும் ஏற்றதாகும். வங்காளியரின் ஆண்டுப்பிறப்பான பொய்லா பொய்ஷாக், அதாவது பொய்ஷாக் மாதத்தின் முதல் நாள், வங்கதேசத்தில் ஏப்ரல் 14 என நிலையாகவும் மேற்கு வங்கத்தில் பெரும்பாலும் ஏப்ரல் 15 அன்றும் அமைந்து, தமிழரின் சித்திரைப் பிறப்போடு ஒட்டியே வருகிறது.

அன்று வங்காளி வணிகர்கள் பழைய பாக்கிகளைத் தீர்த்து, சிவப்புத் துணி அட்டையிட்ட புதிய கணக்கேட்டைத் திறந்து, வாடிக்கையாளருக்கு இனிப்பு வழங்கும் சடங்கு ஹால்காதா எனப்படும். கடனையும் உறவையும் ஒரே நாளில் புதுப்பிக்கும் இவ்வழக்கம் பெரிதும் போற்றத்தக்கது. இரவில் நீரூற்றி வைத்த சோற்றை மறுநாள் வெங்காயம், பச்சை மிளகாய், கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்த உருளைக்கிழங்கு ஆகியவற்றோடு உண்ணும் பாந்தா பாத், தமிழரின் பழைய சோறேதான். உழவரின் அந்த எளிய காலையுணவு டாக்காவில் இன்று இலிஷ் மீனோடு சேர்ந்து விழா உணவாகவே உயர்ந்துவிட்டது. அங்கு 1989இல் நுண்கலை மாணவர்கள் தொடங்கிய புத்தாண்டு மங்கள ஊர்வலத்தை யுனெஸ்கோ 2016இல் மானுடத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

வரும் சித்திரைப் பிறப்பன்று, அருகில் பணிபுரியும் வங்கதேசத் தொழிலாளர்களுக்கும் சுங்கை வே தமிழர்கள் மனமாரப் புத்தாண்டு வாழ்த்துக் கூற வேண்டும்.