இரண்டு தேர்வுகள்

இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவருக்குக் கையெழுத்தும் சற்று அழகாக அமைந்துவிட்டால், ஊரிலுள்ள சங்கங்களின் நடவடிக்கைக் குறிப்பேடுகளெல்லாம் அவர் தலையில் வந்து விழும். நாம் மாற்றலாகி இங்கு வருமுன் வாழ்ந்த நகரில், தமிழர் நடத்திய பள்ளியொன்றின் நிர்வாகக் குழுவில் நமக்கு இடம் கிடைத்ததும் இவ்வாறே. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நாம், பட்டதாரிகளைத் தேர்ந்தெடுக்கும் மேசையருகே அமர்ந்து குறிப்பெழுதினோம். ஓராண்டுக்குள் இரண்டு தேர்வுகளைக் கண்டோம்.

முதலாவது ஆசிரியர் தேர்வு. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் கற்பிப்போருக்குத் தகுதித் தேர்வு வேண்டும் என்னும் விதி 2010-ஆம் ஆண்டில் வந்தது. மத்திய அரசின் தேர்வில் 150-க்கு 90 மதிப்பெண் பெற்றால் தேர்ச்சி. வந்திருந்த நால்வரிடமும் அச்சான்றிதழ் இருந்தது. ஆகவே அவர்களை ஐந்தாம் வகுப்புக்கு அழைத்துச் சென்று, பின்னக் கணக்கை நடத்தச் சொன்னார்கள். ஒருவர் கரும்பலகையை விட்டுத் திரும்பவேயில்லை. மற்றொருவர் வட்டமாக ஒரு தோசையை வரைந்து, கடைசி வரிசைச் சிறுவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, "உன் தங்கைக்குக் கால் பங்கு கொடு" என்றார். வகுப்பே எழுந்து நின்று பார்த்தது. அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் பிள்ளைகளே. குழுவினர் கையொப்பம் மட்டும் இட்டார்கள்.

ஆறு திங்கள் கழித்துத் தலைமையாசிரியர் தேர்வு வந்தது. அப்பள்ளியிலேயே இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றிய ஆசிரியை ஒருவரும், வெளியூர்ப் பள்ளியில் துணை முதல்வராக இருந்த ஒருவரும் எஞ்சி நின்றனர். அரசியலமைப்பின் 30-ஆவது பிரிவு, மொழிச் சிறுபான்மையினருக்குப் பள்ளி அமைத்து நடத்தும் உரிமையைத் தருகிறது. தகுதியுள்ளவரைத் தலைமையாசிரியராகத் தெரிந்துகொள்வதும் சிறுபான்மை நிர்வாகத்தின் உரிமையே. பணிமூப்பு அதற்குத் தடையாகாது என்று உச்ச நீதிமன்றம் 1998-இல் கூறியிருக்கிறது. இதனைத் தலைவர் எடுத்துக் காட்டினார். உரிமையில் ஐயமில்லை. அதனைக் கையாண்ட விதமே இன்றும் நம்மை உறுத்துகிறது.

இம்முறை எவரையும் வகுப்பறைக்கு அழைத்துச் செல்லவில்லை. தேநீர் வந்தது. ஒழுகும் கூரையைப் பற்றியும், கட்டண பாக்கியைப் பற்றியும், கல்வி அதிகாரிகளைச் சமாளிப்பதைப் பற்றியும் கேட்டார்கள். வெளியூர்க்காரர் தாளில் கணக்கிட்டே காட்டினார். அம்மையாரோ, "எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வருகிறது என்று எனக்குத் தெரியும்" என்றார். தலைவர் புன்னகை செய்து, "வரவு செலவு பார்த்த பழக்கம் உண்டா, அம்மா?" என்று வினவினார். அவர் தலைகவிழ்ந்தார். முடிவை 'ஒருமனதாக' என்று நாம் எழுதினோம்.

மறுநாள் அம்மையார் நம்மை வழியில் நிறுத்தி, "மூன்று முறை பொறுப்புத் தலைமையாசிரியராக இருந்தேன், சார். ஒரு முறையாவது கணக்குப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தீர்களா?" என்று கேட்டார். நமக்கு விடை கூறத் தோன்றவில்லை. நம் அலுவலகத்தில் பணிமூப்புப் பட்டியலை ஒட்டுவார்கள். குறையிருந்தால் ஆட்சேபம் எழுதலாம். அப்பள்ளியிலோ, எவற்றைக் கொண்டு தம்மை அளக்கப் போகிறார்கள் என்பதே அவருக்கு முன்கூட்டித் தெரியாது.

வந்தவர் திறமையற்றவர் அல்லர். ஈராண்டில் கூரையைச் செப்பனிட்டார். ஆசிரியர் ஒரு வகுப்புக்குப் பொறுப்பு; தலைமையாசிரியர் பள்ளி முழுமைக்கும் பொறுப்பு. நல்ல ஆசிரியரெல்லாம் நல்ல தலைவராவார் என்பதும் இல்லை. ஆகவே பணத்தைப் பற்றிக் கேட்டது பிழையன்று. கற்றுக்கொள்ள வழிவிடாமல், கற்கவில்லையே என்று ஒருவரைத் தள்ளியதுதான் பிழை.

நம்மவர் பள்ளி நடத்தும் ஊர்கள் பல உண்டு. அங்கெல்லாம் குழுவில் இருக்கும் அன்பர்களுக்கு நம் வேண்டுகோள் இரண்டு. தலைமைக்கு வருபவரையும் ஒரு வகுப்பு நடத்தச் சொல்லுங்கள். மூத்த ஆசிரியர்களுக்கு இன்றே கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டுங்கள். அதன்பின் எவரைத் தேர்ந்தாலும், குறிப்பேட்டில் 'ஒருமனதாக' என்று எழுதும் கை நடுங்காது.