எரிந்தால் நல்லது என்றது சீட்டு

10 மில்லி பாட்டில். விலை 180 ரூபாய். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். இதற்கெல்லாம் ஒரு வழக்கா என்று என் ஜூனியரே சிரித்தார். நுகர்வோர் ஆணையத்தில் இதைவிடப் பெரிய தொகைக்கு எத்தனையோ வழக்குகள் நடத்தியிருக்கிறேன். ஆனால் பாட்டிலோடு வந்த துண்டுச் சீட்டின் ஒற்றை வரி வழக்கின் தலையெழுத்தையே தீர்மானித்தது இதில்தான்.

புகார்தாரர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர். டியூப்லைட் வெளிச்சத்தில் துணியை உற்றுப் பார்த்து ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் கண்டுபிடிக்க வேண்டும். உற்றுப் பார்க்கும்போது இமை கொட்டுவது குறையும்; கண்ணின் மேலிருக்கும் கண்ணீர்ப் படலம் காய்ந்துபோகும். கூடவே பஞ்சுத் தூசு. மணல் விழுந்தது போல எந்நேரமும் உறுத்தல். கண் மருத்துவர் கீழிமையில் ஒரு தாள் பட்டையை மாட்டி, ஐந்து நிமிடத்தில் அது எவ்வளவு நனைகிறது என்று பார்த்துவிட்டு, கண் வறட்சி என்று சொல்லிச் செயற்கைக் கண்ணீர் மருந்து எழுதிக்கொடுத்தார். மாதாமாதம் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. வீட்டுப் பக்கத்து இயற்கை அங்காடியில் கரும்பலகையில் எழுதியிருந்தது: 'கண் வறட்சிக்குக் கைகண்ட மருந்து, தேன் சொட்டு.'

கண்ணில் தேன் விடுவது நம் ஊரில் புதிதல்ல. கொசுத்தேன் கிடைத்தால் கண்ணுக்கென்று தனியே எடுத்துவைத்த பாட்டிகள் உண்டு. விட்டதும் சுரீரென்று எரியும், நீர் கொட்டும், 'அழுக்கெல்லாம் இறங்குது' என்பார்கள். அந்த நம்பிக்கையை அப்படியே அச்சடித்துப் பாட்டிலோடு வைத்திருந்தது கம்பெனி: 'எரிச்சல் வந்தால் பயப்பட வேண்டாம், கண்ணின் கழிவு வெளியேறுகிறது. தொடர்ந்து பயன்படுத்தவும்.'

புகார்தாரரான அந்த அம்மா தொடர்ந்து பயன்படுத்தினார். "எரிஞ்சா நல்லதுன்னு சீட்டுலயே போட்டிருந்துதுங்க சார். அதனால எரிய எரிய ஊத்துனனுங்க" என்றார் என்னிடம். வலது கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போய், கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்த பிறகுதான் கோவையில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். கருவிழிப் புண்ணைச் சுரண்டி எடுத்த மாதிரியில் பூஞ்சை இழைகள் இருந்தன. நேட்டமைசின் மருந்தை மணிக்கொரு தரம் விட்டு, பல வாரம் போராடிப் புண்ணை ஆற்றினார்கள். புண் ஆறியது, கண்ணில் பூ விழுந்துவிட்டது. தழும்பு கருவிழியின் நடுவில் நின்றதால் அந்தக் கண்ணில் பார்வை மங்கல்தான். செக்கிங் வேலை போயிற்று. பாதிச் சம்பளத்தில் பேக்கிங்கில் போட்டார்கள்.

2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்திருந்தது. பழைய 1986 சட்டத்தில் இல்லாத ஓர் அத்தியாயம் இதில் உண்டு: பொருளால் வந்த கேட்டுக்குத் தயாரிப்பாளரும் விற்றவரும் பொறுப்பு என்று சொல்லும் 82 முதல் 87 வரையிலான பிரிவுகள். வாங்கிய பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி வெளிமாநிலத்தில் இருந்தாலும் கவலையில்லை. கம்பெனியை முதல் எதிர்தரப்பாகவும் அங்காடிக்காரரை இரண்டாம் எதிர்தரப்பாகவும் சேர்த்து மனுப் போட்டேன்.

கம்பெனி தரப்பில் வந்தவர் அனுபவசாலி. அவருடைய முதல் வாதம்: "இது மருந்தே இல்லை, தேன். தேன் உணவுப் பொருள். லேபிளில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கிறது. சமையலறைப் பொருளைக் கண்ணில் விட்டுக்கொண்டால் தயாரிப்பாளர் எப்படிப் பொறுப்பு?" பொருளைத் தவறாகப் பயன்படுத்தினால் விற்றவர் மீது வழக்கு நிற்காது என்று 87-ம் பிரிவு சொல்வதையும் எடுத்துக்காட்டினார்.

நான் கேட்டது ஒன்றுதான்: தோசைக்குத் தொட்டுக்கொள்ளும் தேனுக்கு டிராப்பர் மூக்கு எதற்கு? பெட்டியில் கண் படம் எதற்கு? 1940-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தைப் பொறுத்தவரை, நோயைத் தீர்க்கவோ தணிக்கவோ என்று உத்தேசித்து விற்கப்படுவது மருந்து. சித்தா, ஆயுர்வேத மருந்தென்றாலும் அதே சட்டத்தின் கீழ் உற்பத்தி உரிமம் வேண்டும். இந்தப் பாட்டிலில் அந்த உரிம எண்ணே இல்லை. போதாக்குறைக்குக் கண்புரையும் கரையும் என்று சீட்டு சொன்னது. பார்வை உறுப்பின் நோய்கள், கண்புரை ஆகியவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் தன் அட்டவணையில் போட்டுத் தடுத்திருக்கிறது.

இரண்டாவது வாதம்: "தேன் கெட்டுப்போகுமா? அதில் கிருமி வளராது என்பது ஊரறிந்தது." உண்மைதான், கெட்டியான தேனுக்கு. நல்ல தேனில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அந்த அடர்த்திதான் கிருமியைத் தடுக்கிறது. தண்ணீர் கலந்தால் அந்தக் காவல் போய்விடும், நொதிக்கத் தொடங்கும். இதை நான் நீட்டி முழக்கத் தேவையில்லாமல் போயிற்று. ஆணையத் தலைவர், அந்த அம்மா பயன்படுத்திய பாட்டிலை வாங்கி, மேஜை மேலிருந்த ஒரு வெள்ளைத் தாளின் மேல் கவிழ்த்தார். டொக், டொக் என்று இரண்டு சொட்டு விழுந்து தாளில் பரவின. "தேன் நூலாக அல்லவா இறங்கும்? இதில் என்ன கலந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். பன்னீர் கலப்பதாகக் கம்பெனித் தரப்பு ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. எவ்வளவு என்பதற்குப் பதிவேடு இல்லை.

அந்த இலவச பாட்டில் அப்போது கைகொடுத்தது. அது திறக்கப்படாமல் அப்படியே இருந்தது. இரண்டும் ஒரே பேட்ச். திறந்த பாட்டிலை மட்டும் சோதனைக்கு அனுப்பினால், திறந்த பிறகு நுழைந்த கிருமி என்று சொல்லித் தப்பித்திருப்பார்கள். 38-ம் பிரிவின்படி திறக்காத பாட்டிலை ஆணையமே சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பியது. கிருமி நீக்கிய பொருள் அல்ல, பூஞ்சை வளர்ச்சி இருக்கிறது என்று அறிக்கை வந்தது.

மூன்றாவதாக அவர்கள் பெரிய அஸ்திரம் என்று நினைத்து எடுத்தது ஓர் ஆய்வுக் கட்டுரை. பி-4 ஆவணமாகக் குறியிடப்பட்டது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்டது. இமைச் சுரப்பிகளின் எண்ணெய் குறைந்து அதனால் கண் வறண்ட 114 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 98 சதவீத மனுகா தேன் ஜெல், இன்னொன்றுக்கு 16 சதவீதத் தேன் சொட்டு, மூன்றாவதற்கு வழக்கமான சிகிச்சை என எட்டு வாரம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தேன் பிரிவுகளில் நல்ல பலன் தெரிந்தது. தற்காலிகமான சிவப்பும் எரிச்சலும்தான் பரவலாகக் கண்ட பக்கவிளைவு.

அந்தக் கட்டுரையை நான் மறுக்கவில்லை. மறுப்பது நியாயமும் அல்ல. கண் வறட்சிக்குத் தேன் உதவலாம் என்பதை அது காட்டுகிறது. ஆனால் 16 என்றால் 16 சதவீதம்; யாருக்கு எவ்வளவு, எத்தனை நாள் என்பதெல்லாம் கணக்கு. மருத்துவத்துக்கான தேனைச் சூடாக்கினால் அதன் நொதிகள் கெடும் என்பதால் காமாக் கதிர் பாய்ச்சிக் கிருமி நீக்குகிறார்கள். "கனம் தலைவர் அவர்களே, எதிர்தரப்பு தாக்கல் செய்த ஆவணமே தேனைக் கண் மருந்தாக்க எவ்வளவு பாடுபட வேண்டும் என்று சொல்கிறது. அதில் எதை இவர்கள் செய்தார்கள்?" என்றேன். பி-4 அன்றிலிருந்து எங்கள் ஆவணம் ஆகிவிட்டது.

மிஞ்சியது ஒரே இடறல். பாட்டிலில் இருந்த பூஞ்சையும் கண்ணில் இருந்த பூஞ்சையும் ஒன்றுதான் என்று காட்ட எங்களிடம் ஆதாரம் இல்லை. தென் தமிழகத்தில் கருவிழிப் புண்களில் ஏறக்குறைய பாதி பூஞ்சையால் வருபவை. வயல் வேலையில் இலையோ தாளோ கண்ணைக் கீறினால் போதும். எதிர்தரப்பு இதைப் பிடித்துக்கொண்டது. நான் மருத்துவமனைக் குறிப்பேட்டைக் காட்டினேன்: கண்ணில் அடிபட்டதாகவோ கீறல் பட்டதாகவோ ஒரு வரி இல்லை, தேன் சொட்டு விட்டது முதல் பக்கத்திலேயே எழுதப்பட்டிருந்தது. வறண்ட கருவிழியில் கிருமி எளிதில் பற்றும். இந்தச் சரக்கோ வறண்ட கண்ணுக்கென்றே விற்கப்பட்டது. நுகர்வோர் வழக்கு கொலை வழக்கல்ல. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும்.

இதற்கிடையே 2023-ல் சென்னைக்கு அருகே தயாரான செயற்கைக் கண்ணீர் மருந்தோடு அமெரிக்காவில் 81 பேரின் தொற்றும் 4 மரணங்களும் தொடர்புபடுத்தப்பட்ட செய்தி வந்தது. உரிமம் உள்ள மருந்துக்கே இந்தக் கதி என்றால் எங்களை ஏன் குறை சொல்கிறீர்கள் என்றார் எதிர்தரப்பு வக்கீல். உரிமமும் சோதனையும் இருக்கும் இடத்திலேயே இவ்வளவு ஆபத்து என்றால், இரண்டும் இல்லாத இடத்தைச் சட்டம் எப்படிப் பார்க்க வேண்டும் என்று திருப்பிக் கேட்டேன்.

தீர்ப்பு 84-ம் பிரிவின்மேல் நின்றது. சரியாகப் பயன்படுத்தும் வழியையும் கேடு வராமலிருக்க எச்சரிக்கையையும் தராத தயாரிப்பாளர் பொறுப்பாவார் என்கிறது அந்தப் பிரிவு. இங்கே எச்சரிக்கை இல்லாதது மட்டுமல்ல, உடம்பு கொடுத்த எச்சரிக்கையையே நல்ல அறிகுறி என்று சீட்டு திரித்துச் சொல்லியிருக்கிறது. முதல் எரிச்சலிலேயே அவர் மருத்துவரிடம் போயிருந்தால் கண் தப்பியிருக்கும் என்று ஆணையம் எழுதியது. மருத்துவச் செலவும் இழப்பீடுமாகச் சேர்த்து 3 லட்சம் ரூபாய். அந்தப் பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறவும் உத்தரவு. அங்காடிக்காரர் சும்மா விற்றிருந்தால் தப்பித்திருப்பார். கரும்பலகையில் தானாக ஓர் உத்தரவாதம் எழுதியதால் 86-ம் பிரிவு அவரையும் இழுத்தது. ஒரு சிறு பங்கு அவர் தலையிலும் விழுந்தது. மேல்முறையீடு செய்ய 45 நாள் அவகாசம் உண்டு, தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்ட வேண்டும். யாரும் போகவில்லை, பணம் வந்து சேர்ந்தது.

வாசகர்களுக்கு ஒரு வக்கீலாக நான் சொல்வது இதுதான். கண்ணில் விடும் எதுவானாலும் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்: மருந்து உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, திறந்த பின் எத்தனை நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்ற குறிப்பு. உணவு உரிம எண் மட்டும் இருந்தால் அது கண்ணுக்கானதல்ல. எரிச்சலும் சிவப்பும் வந்தால் நிறுத்திவிட்டுக் கண் மருத்துவரைப் பாருங்கள். என்ன விட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், அது குறிப்பேட்டில் ஏறட்டும். பில், பெட்டி, சீட்டு, மிச்சமிருக்கும் பாட்டில் எதையும் குப்பையில் போடாதீர்கள். வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது.