இரைச்சலுக்குள் ஓர் அடிச்சுரம்

பேஸ் கிட்டார் என்பது சாதாரணக் கிட்டாரின் கனத்த நான்கு தந்திகளை ஒரு ஸ்தாயி தாழ்த்திச் சுருதி கூட்டியது போன்ற கருவி. மெல்லிசைக் கச்சேரியில் பாடகரின் சுருதியையும் தாள வாத்தியங்களின் நடையையும் ஒன்றாகப் பிணைத்து வைப்பது அதன் பணி; அது சரியாகக் கேட்காத மேடையில் பாடகர் சுருதியிலிருந்து மெல்ல விலகுவதும், தாளக்காரர் தம்மையறியாமல் வேகம் கூட்டுவதும் விரைவில் தொடங்கிவிடும். சாத்தூரைச் சுற்றி வைப்பாற்றங்கரை ஊர்களிலும், சிவகாசி, விருதுநகர்ப் பக்கங்களிலும், பங்குனி முதல் ஆடி வரை அம்மன் கோயில் பொங்கல்களில் திறந்தவெளி மேடையேறி வாசிப்பவர்கள் நன்கறிந்த சிக்கல் ஒன்று உண்டு: பேஸ் உரக்க ஒலிக்கிறது, ஆனால் கேட்பதில்லை. மேடைப் பலகை அதிர்கிறது, நெஞ்சு அதிர்கிறது, அடுத்த ஊர்க்காரருக்குக்கூட ஏதோ உறுமல் எட்டுகிறது. எந்தச் சுரம் வாசிக்கப்படுகிறது என்பது மட்டும் எவருக்கும் புலப்படுவதில்லை. ஒலிப்பதும் கேட்பதும் வேறுவேறு என்பதைத் தெரிந்துகொண்டவரே பேஸ் ஆம்ப்ளிஃபையரைச் சரியாக அமைக்க முடியும்.

இந்த வேறுபாட்டின் வேர் மனிதக் காதின் இயல்பில் இருக்கிறது. ஒரு தந்தி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதே அதிர்வெண். அதன் அலகு ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸிலும், அதற்கு அடுத்தடுத்தவை 55, 73, 98 ஹெர்ட்ஸிலும் அதிர்கின்றன. காது எல்லா அதிர்வெண்களையும் ஒரே கூர்மையுடன் கேட்பதில்லை என்பதை, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சர், மன்சன் ஆகியோர் 1933-இல் வெளியிட்ட ஆய்வு அளந்து காட்டியது. ஒலியின் வலிமையை அளக்கும் டெசிபல் கணக்கில் சொல்வதானால், 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் அளவுள்ள ஒலிக்கு இணையாக ஒரு 40 ஹெர்ட்ஸ் ஒலி காதில் விழ வேண்டுமென்றால் அது 80 டெசிபலையும் தாண்ட வேண்டும். ஒலி உரக்க உரக்க இந்த இடைவெளி குறையுமே தவிர மறைந்துவிடாது. இதோடு, ஆம்ப்ளிஃபையரின் வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல்தான் என்பதையும், காதுக்கு இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட், வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 100 வாட் பெட்டியை விற்றுவிட்டுக் கடன் வாங்கி 200 வாட் பெட்டி எடுத்தவர் ஏன் மனம் நொந்துபோகிறார் என்பது விளங்கும். 1969-இல் அமெரிக்காவின் ஆம்பெக் நிறுவனம் 300 வாட் ஆற்றலும் பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு கொண்ட பெட்டியுமாக ஓர் அமைப்பைக் கொண்டுவந்து, ராக் இசை மேடைகளுக்கு ஒரு வழி காட்டியது. ஆனால், ஒரே வேனில் ஆட்களையும் வாத்தியங்களையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் குழுவுக்கு அந்த வழி ஒத்துவராது. ஒத்துவந்தாலும் சிக்கல் தீராது.

தீராமைக்குக் காரணம், கீழ்ச்சுரங்கள் இருக்கும் இடத்தில் ஏற்கெனவே கூட்டம் நிறைந்திருப்பதுதான். டிரம்ஸின் காலால் மிதிக்கும் முரசு அங்கே இருக்கிறது. ஆக்டோபேடில் தட்டப்படும் தவில், உருமி ஒலிகளின் அடிப்பகுதி அங்கே இருக்கிறது. கீபோர்டு வாசிப்பவரின் இடக்கையும் அங்கேதான் போய் விழுகிறது. இந்த நிலையில் பேஸ் கேட்கவில்லை என்று ‘பேஸ்’ என எழுதியிருக்கும் திருகையே மேலும் திருப்புவது மிக இயல்பான செயல், மிகத் தவறான செயலும் அதுவே. வீட்டில் தனியாக வாசிக்கும்போது அடியையும் உச்சியையும் கூட்டி நடுவைக் குறைத்து வைத்தால் ஒலி வழவழப்பாக, இசைத்தட்டில் கேட்பதுபோலவே இனிக்கும். அதே அமைப்பு மேடையில் முதல் பாட்டிலேயே கரைந்துபோகும், ஏனென்றால் அடி முரசோடும் உச்சி சிம்பலோடும் கலந்துவிட, பேஸுக்கென்று மிஞ்சியிருக்க வேண்டிய நடுப்பகுதி வெட்டப்பட்டிருக்கிறது.

நடுப்பகுதியின் முக்கியத்துவத்துக்கு ஓர் ஒலியியல் அடிப்படை உண்டு. எந்தத் தந்தியும் தன் அடிப்படை அதிர்வெண்ணில் மட்டும் அதிர்வதில்லை. அதன் இரண்டு, மூன்று, நான்கு மடங்குகளிலும் கூடவே அதிர்கிறது. இவை மேற்சுரங்கள் எனப்படும். அடிப்படை அதிர்வெண் காதுக்கு வந்து சேராவிட்டாலும், மேற்சுரங்கள் தெளிவாக வந்தால் போதும், அவற்றின் இடைவெளியிலிருந்து மூளை அடிச்சுரத்தைத் தானே கட்டிக்கொள்கிறது. சிறிய டிரான்சிஸ்டர் ரேடியோவில் பாட்டுக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கும் பேஸ் வரிகள் நினைவில் இருப்பதற்குக் காரணம் இதுவே; அந்த உள்ளங்கை ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. இளையராஜாவின் பதிவுகளில் சசிதரனும், பின்னர் ஏ. ஆர். ரகுமானின் பதிவுகளில் கீத் பீட்டர்ஸும் வாசித்த பேஸ் வரிகள் பாட்டுக்கு இணையாக ஓடும் இன்னொரு பாட்டாகவே மக்கள் மனத்தில் தங்கியவை. அவற்றைக் கேட்டுப் பழகிய கூட்டத்தின் முன்னே வெறும் உறுமலை அனுப்புவது அந்தப் பாட்டுகளைப் பாதி வாசிப்பதற்குச் சமம். ஆகவே மேடையில் செய்ய வேண்டியது, 250 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையிலான நடுப்பகுதியைத் துணிந்து கூட்டுவதும், 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டி விடுவதும் ஆகும். கீழே வெட்டியதால் ஸ்பீக்கரின் கூம்பு வீணாகத் துள்ளுவது நிற்கிறது. மிச்சமாகும் ஆற்றல் கேட்கும் பகுதிக்குப் போகிறது. இப்படி அமைத்த ஒலி தனியாகக் கேட்டால் மூக்கடைத்தவர் பேசுவதுபோல அழகற்று இருக்கும். அந்த அழகின்மையைப் பொறுத்துக்கொள்ளப் பழகுவது இக்கலையில் மிகக் கடினமான பாடம் எனலாம். குழு முழுவதும் சேர்ந்து வாசிக்கும்போது அதே ஒலி சதையும் எலும்புமாக எழுந்து நிற்கும்.

பெட்டியை வைக்கும் இடமும் திருகுகளுக்குக் குறைந்ததல்ல. கோயில் திடல் மேடைகள் பெரும்பாலும் கட்டையும் பலகையும் அடுக்கிக் கட்டப்படுபவை, உள்ளே வெற்றிடம். அதன் மேல் பெட்டியை நேராக வைத்தால் மேடை முழுவதும் ஒரு பெரிய தவிலாகி, சில சுரங்களை மட்டும் ஊதிப் பெரிதாக்கும். ஒரு மர பெஞ்சின் மேல், அடியில் மடித்த சாக்கோ ரப்பர் விரிப்போ போட்டு வைத்தால் அந்தக் குமுறல் பெருமளவு அடங்குவதோடு, ஸ்பீக்கரின் முகமும் வாசிப்பவரின் காதை நோக்கி உயர்கிறது. கீழ்ச்சுரங்கள் எல்லாத் திசையிலும் பரவுபவை. நடுச்சுரங்களும் மேற்சுரங்களும் ஸ்பீக்கர் பார்க்கும் திசையிலேயே முனைப்பாகச் செல்பவை. பெட்டி தரையில் இருந்து வாசிப்பவரும் அதை ஒட்டி நின்றால், தெளிவைத் தரும் பகுதி முழங்காலோடு போய்விட, காதுக்கு உறுமல் மட்டுமே எட்டும். அவர் அதை நம்பி நடுப்பகுதியைக் கண்டபடி கூட்ட, முன்வரிசைக்காரர் காதைப் பொத்திக்கொள்வார். 41 ஹெர்ட்ஸின் அலைநீளம் ஏறத்தாழ எட்டரை மீட்டர் என்பதால் அவ்வளவு தூரம் தள்ளி நின்றால்தான் பேஸ் ‘உருவாகும்’ என்று மேடைகளில் சொல்லப்படுவதுண்டு, அது சரியல்ல. தள்ளி நிற்கும்போது காது ஸ்பீக்கரின் நேர்ப்பார்வைக்குள் வந்துவிடுவதே அங்குத் தெளிவு கூடுவதற்கு முக்கியக் காரணம்.

இந்தியாவில் பேஸ் வாசிப்பவருக்கென்றே அமைந்த தொல்லை ஒன்றும் இருக்கிறது. இங்கு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி ஓடுவது. எர்த் சரியில்லாத இணைப்பிலும் ஜெனரேட்டரிலும் எழும் ஹம், அதாவது இடைவிடாத ரீங்காரம், 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்கான 100 ஹெர்ட்ஸிலும் ஒலிக்கும். அடித்தந்தியின் மூன்றாம் கட்டையில் பிறக்கும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். வெறுமனே மீட்டும் மேல் தந்தியின் ஜி 98 ஹெர்ட்ஸ். ஹம் இருக்கும் மேடையில் ஜி வாசிக்கும்போது, சுரமும் ரீங்காரமும் நூலளவு விலகி உரசி, நொடிக்கு ஒன்றிரண்டு முறை ஒலி ஏறி இறங்கி அலையடிப்பதைக் கூர்ந்து கேட்பவர் தெளிவாகக் கேட்கலாம். தந்தி சுருதி கலைந்துவிட்டது என்று எண்ணி முறுக்காணியைத் திருகுவோர் உண்டு. திருக வேண்டியது அதையன்று. ஆம்ப்ளிஃபையருக்கும் மிக்ஸருக்கும் நடுவே டிஐ பாக்ஸ் என்னும் சிறு பெட்டியை வைத்து, அதில் உள்ள எர்த் விலக்கும் சுவிட்சைப் போட்டால் பெரும்பாலும் ஹம் அடங்கும். மின் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்துவிட்டு ஹம்மைப் போக்கும் வழக்கம் உயிரைப் பணயம் வைப்பது; அதை ஒருபோதும் செய்யக் கூடாது.

சிவகாசி வட்டாரத்தில் வாசிப்பவருக்கு வெடியோடும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு தனி வெடி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது சட்டத்தின் வரம்பு. சப்பரம் திடலுக்கு வரும்போது கொளுத்தப்படும் நீண்ட சரம் ஓய்ந்ததும், காது சிறிது நேரம் மந்தமாகிவிடும். அந்த நேரத்தில் பேஸும் குரலும் குறைந்துபோனதாகத் தோன்ற, மேடையில் ஒவ்வொருவரும் தத்தம் திருகைக் கூட்டுவர், காது தெளிந்த பிறகு யாரும் குறைக்க மாட்டார். மாலையில் ஒலி சரிபார்த்த உடனே ஒவ்வொரு திருகின் நிலையையும் வெள்ளை டேப் ஒட்டிக் குறித்துவைத்துக்கொள்வது இதற்கு நல்ல மருந்து. வெடிக்குப் பின் காதை நம்பாமல் டேப்பை நம்பி ஒரு பாட்டு முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு பொறுப்பவர், அடுத்த பாட்டில் அமைப்பு பழையபடியே சரியாக இருப்பதைக் காண்பார்.

இவை எல்லாவற்றையும் செய்த பின்னும், கீபோர்டு வாசிப்பவர் இடக்கையை மேலே ஏற்றிக்கொள்ள ஒப்பாவிட்டால் பயன் பாதிதான். அதனால் அனுபவம் மிக்கவர்கள் சண்டையாக அன்றி, ‘அண்ணே, பல்லவியில மட்டும் இடக்கையை எடுத்துப் பாருங்க’ என்று ஒரே ஒரு பாட்டுக்குக் கேட்டுப் பெறுகிறார்கள். ஒரு பாட்டு கேட்டால் வித்தியாசம் அவருக்கே தெரிந்துவிடும். மைக்செட்காரரிடமும் ‘பேஸைக் கூட்டுங்க’ என்று சொல்வதில்லை, அவர் கூட்டுவது அடியைத்தான் என்பதால். ‘நடுவுல கொஞ்சம் குடுங்க’ என்றே சொல்கிறார்கள். பிறகு ஒருவர் மேடையில் வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்க, குழுவில் காது நல்லவர் ஒருவர் இறங்கித் திடலின் நடுவைத் தாண்டி, சேவுக் கடை அடுப்பின் சத்தம் கேட்கும் தூரம் வரை நடந்து போகிறார். அங்கே நின்று, தாம் கேட்ட பேஸ் வரியை வாய்க்குள் பாடிப் பார்க்கிறார். சுரம் பிசகாமல் பாட முடிந்தால் கையைத் தூக்குகிறார். முடியாவிட்டால், மேடையில் இருப்பவர் பேஸ் திருகை இன்னும் ஒரு கோடு குறைக்கிறார்.