பேசின்பிரிட்ஜில் எக்ஸ்ட்ரா டைம்!

எண்ணூர்ல இருந்து சென்ட்ரல் போக பஸ்ஸும் இருக்கு. ஆனா அது போற ரோட்டுக்குப் பேரு எக்ஸ்பிரஸ் ரோடு! துறைமுகத்துக்கு க்யூ கட்டி நிக்கிற கண்டெய்னர் லாரிங்களுக்கு அந்தப் பேரை யாரும் சொல்லல போல. அதனால மேட்ச் பாக்கக் கிளம்புற வடசென்னைப் பசங்க கும்மிடிப்பூண்டி லைன் லோக்கல் ட்ரெயினைத்தான் பிடிப்பாங்க.

கத்திவாக்கம், விம்கோ நகர், திருவொற்றியூர், வ.உ.சி. நகர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை... தீப்பெட்டி கம்பெனி பேரிலேயே ஸ்டேஷன், சிவகாசிக்கே இல்லாத பெருமை பாஸ்! பாத்து ஏறுங்க. பீச் போற வண்டியில ஏறிட்டா, 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பின ராயபுரத்தை தரிசிக்கலாம். ஆனா மேட்ச் போயிடும்.

எந்த மேட்ச்? சென்னையின் எஃப்.சி.யோட 2018-19 சீசன். 2018 மார்ச் 17-ல் பெங்களூருக்கே போய், பெங்களூரு அணியை 3-2ன்னு அடிச்சு ஐ.எஸ்.எல். கோப்பையைத் தூக்கின டீம். நம்ம வியாசர்பாடி தனபால் கணேஷ் இருந்த டீம். கெத்தா இருந்தோம். அடுத்த சீசன்ல 18 மேட்ச், 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி. 10 டீம்ல பத்தாவது இடம்!

அக்டோபர் 18, நேரு ஸ்டேடியம். நார்த் ஈஸ்ட்டோட மேட்ச்ல 3-1ன்னு முன்னாடி இருந்தோம். ஓக்பெச்சே ஹாட்ரிக் அடிக்க, கடைசியில 3-4. ராத்திரி மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்ல இருந்து கிளம்பின வண்டி, பேசின்பிரிட்ஜ்ல வழக்கம்போல நின்னுச்சுன்னா, அங்கதான் நிஜமான மேட்ச் ஆரம்பிக்கும்.

"இன்னா மச்சி, இன்னிக்கும் ஊத்திக்கிச்சா?"

"மூணு கோல் போட்டோம்ல!"

"அவன் நாலு போட்டான்ல!"

கோச்சைத் திட்டி, டிஃபென்ஸைத் திட்டி, டிக்கெட் எடுத்த ஃப்ரெண்டைத் திட்டி... சிக்னல் விழுறதுக்குள்ள புது டீமே செலக்ட் பண்ணிடுவாங்க.

அப்புறம் ஏன் போகணும்? நியாயமான கேள்வி. ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் கரையைப் பாருங்க. அலை அரிச்சது போக, கல்லு கொட்டியிருக்கு. பந்து ஆட மணல் ஏது? சந்துல, செருப்பை கோல் போஸ்ட்டா வெச்சு ஆடினவனுக்கு, லைட் வெளிச்சத்துல முழு கிரவுண்டு பச்சையா தெரியிறதே பாதி டிக்கெட் காசுக்கு ஆச்சு. மீதிப் பாதிக்குத்தான் டீம் கடன்பட்டிருந்துச்சு.

கடனை அடைச்சது 2019 பிப்ரவரி 9, சனிக்கிழமை. எதிர்ல அதே பெங்களூரு. அந்த சீசன் கோப்பையை அடிச்ச டீமும் அதுதான்! கோலே விழாம தவிச்சுட்டிருந்த ஜெஜே ஒண்ணு, கிரெகரி நெல்சன் ஒண்ணு. சேத்ரி ஒண்ணு திருப்பினாரு. 2-1. சொந்த மைதானத்துல அந்த சீசனோட ஒரே வெற்றி. அன்னிக்கு ட்ரெயின் பேசின்பிரிட்ஜ்ல எவ்ளோ நேரம் நின்னாலும் யாரும் கேக்கல!

மறுநாளே வண்ணாரப்பேட்டை வரைக்கும் மெட்ரோ திறந்தாங்க. அது விம்கோ நகருக்கு வர 2021 பிப்ரவரி 14 ஆச்சு. ஸ்டேடியம் பக்கத்துலயே இறக்கி விடுற வண்டி வீட்டு வாசலுக்கு வந்த நேரம், கொரோனா. நம்ம டீமோட மேட்ச் எல்லாம் கோவாவுல, ஆளில்லாத கேலரிக்கு முன்னாடி நடந்துட்டிருந்துச்சு.