கொக்குவில் வீட்டுத் திறப்பு

கடந்த மாரி மழையில் கொக்குவிலில் உள்ள எமது வீட்டின் தென்புறத் தாழ்வாரம் இடிந்து விழுந்தது. செய்தி சேகரிப்பதையே முப்பது வருடங்களாகத் தொழிலாகக் கொண்ட எனக்கு, சொந்த வீட்டைப் பற்றிய செய்தி இரண்டு நாள் பிந்தியே கிடைத்தது. சொன்னவர் பக்கத்து வீட்டு அக்கா.

"தம்பி, விக்கிறதெண்டா வித்துவிடுங்கோ. இல்லாட்டி ஆரையும் இருத்துங்கோ. பூட்டின வீடு தானாப் பாழாப் போகும்."

2021 இல் அம்மா காலமானதிலிருந்து வீடு பூட்டியே கிடந்தது. அண்ணர் லண்டனில், தங்கை ரொறன்ரோவில், நான் கொழும்பில். வருடத்தில் ஒருமுறை போய்க் கூட்டித் துடைத்து, கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வருவதையே பராமரிப்பு என்று எண்ணியிருந்தேன்.

அது அம்மாவின் சீதன வீடு. நான்கு பரப்புக் காணியில் பாட்டனார் கட்டியது. பனை வளை, பனஞ் சலாகை, சுண்ணாம்புச் சாந்துச் சுவர், பின்வளவில் அயல் வீட்டோடு பங்குக் கிணறு. எங்கள் ஊர் வழக்கப்படி அது தங்கைக்குப் போயிருக்க வேண்டும். அவள் 1999 இல் கனடாவுக்கு மணமாகிப் போனபோது மாப்பிள்ளை வீட்டார் எதுவும் கேட்கவில்லை. உறுதி அம்மாவின் பெயரிலேயே நின்றுவிட்டது. அம்மா மரண சாசனம் எழுதவில்லை. ஆகவே, மூவருக்கும் பங்கு.

இந்த வீட்டைப் பற்றிப் பேசும்போது 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதியைத் தவிர்க்க முடியாது. யாழ்ப்பாணமே எழுந்து நடந்த அந்த இரவில், ஐயா ஒவ்வோர் அறையாகப் பூட்டி, முன்கதவுத் திறப்பைச் சேர்ட் பொக்கற்றில் வைத்துக்கொண்டார். நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்குப் போனோம். மழை. அடுத்த அடி வைக்க இடமில்லாத சனம். ஆறு மாதங்களின் பின் 1996 இல் திரும்பியபோது சுவர்களும் கூரையும் இருந்தன. கதவுகளும் யன்னல்களும் இல்லை. ஐயா பொக்கற்றிலிருந்து திறப்பை எடுத்து, வெறும் நிலைக்கு முன்னால் சிறிது நேரம் நின்றார். பிறகு புதிய கதவு வந்தது, புதிய பூட்டு வந்தது. பழைய திறப்பு மட்டும் சுவாமி அறை ஆணியில் தொங்கியது. 2004 இல் ஐயா இறந்த பின்னரும் அம்மா அதைக் கழற்றவில்லை.

தாழ்வாரம் விழுந்ததை அறிந்த பின் வந்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் தொலைபேசியில் பேசினோம். தங்கை நேரடியாகவே சொன்னாள்: "சின்னண்ணா, அம்மாவே இல்லை. இனி அங்க ஆர் போய் இருக்கப் போறம்? என்ர பிள்ளையளுக்கு அந்த வீட்டு வாசல் எந்தப் பக்கம் எண்டும் தெரியாது. வித்துப்போட்டுப் பங்கைப் பிரிப்பம்." அவள் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.

அண்ணர் விற்கக் கூடாது என்றார். எங்கள் இருவரின் பங்கையும் தானே வாங்குவதாகச் சொன்னார். சட்டத்தரணியிடம் கேட்டேன். வெளிநாட்டவர் இலங்கையில் காணி வாங்குவதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. அண்ணர் பிரித்தானியப் பிரஜையானபோது இலங்கைப் பிரஜாவுரிமையை இழந்தவர். தாயின் உரித்தாக வரும் பங்கில் சிக்கலில்லை. மற்றவர் பங்கை வாங்குவதானால் இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்க வேண்டும். பிறந்த வீட்டை வாங்கத் தான் அந்நியன் என்பதைக் கேட்ட அண்ணர் நீண்ட நேரம் பேசவில்லை.

இனி என் கதை. யுத்தம் 2009 இல் முடிந்து, ஏ9 வீதியால் காணி வாங்குவோரும் தரகர்களும் வரத் தொடங்கிய காலத்தில், புலம்பெயர்ந்த உறவுகளே, காணிகளை விற்காதீர்கள் என்று பத்தி மேல் பத்தி எழுதியவன் நான். ஜேர்மனியிலிருந்து ஒரு வாசகர் அப்போது எனக்கு எழுதினார்: எழுதுவது இலகு, கூரைக்கு ஓடு வாங்குகிறவனுக்குத்தான் கஷ்டம் தெரியும் என்று. நான் அவருக்குப் பதில் எழுதவில்லை.

இம்முறை ஒரு தரகர் என்னைத் தேடி வந்தார். வாங்க இருப்பவர் வீட்டை இடித்துவிட்டு மாடிக் கட்டடம் எழுப்பப் போகிறாராம். அவர் சொன்ன விலையைக் கேட்டதும் கடதாசியில் மூன்றால் பிரித்துப் பார்த்தேன். மகளின் பல்கலைக்கழகச் செலவு முழுவதும் அந்தப் பங்குக்குள் அடங்கியது. பழைய பத்திகள் அப்போது நினைவுக்கு வரவில்லை. மறுநாள்தான் வந்தன. அதைச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை நேர்மையானதாக இராது.

வாடகைக்கு விடுவதிலும் பயம் இருந்தது. இருத்தினால் எழும்ப மாட்டார்கள் என்பது யாழ்ப்பாணத்தவர் தலைமுறையாகச் சொல்லி வரும் எச்சரிக்கை. 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் குடியிருப்போர் பக்கம் நின்றதும் அதற்கொரு காரணம். குத்தகை முடிந்த கட்டடத்தை மீட்பதை 2023 இல் வந்த சட்டம் இலகுவாக்கியிருக்கிறது என்று சட்டத்தரணி சொன்னார். பல்கலைக்கழகம் அருகில் இருப்பதால் மாணவர்களுக்கு அறை அறையாகக் கொடுக்கலாம் என்றும் யோசித்தோம். அதற்கு யாராவது அங்கே இருந்து பார்க்க வேண்டும்.

அந்த வேளையில் பக்கத்து வீட்டு அக்கா ஒரு குடும்பத்தைக் கூட்டி வந்தார். பலாலிப் பக்கத்தவர்கள். 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்கள். அப்பகுதியில் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டபோதும் இவர்களுடைய தோட்டமும் வீட்டு நிலமும் இன்னும் படையினரின் வேலிக்குள்ளேயே இருக்கின்றன. உறுதி கையில் இருக்கிறது. முகாம், உறவினர் வீடு என்று தொடங்கி, இது அவர்கள் மாறும் ஒன்பதாவது வீடு. பெரியவர் அறைகளைப் பார்க்கவில்லை. நேரே கிணற்றடிக்குப் போய், வாளியில் அள்ளி, ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

எத்தனை வருடத்துக்கு வேண்டும் என்று கேட்டேன்.

"எங்கட காணியை விட்டாங்களெண்டா, அடுத்த நாளே எழும்பிடுவம், தம்பி" என்றார்.

அவருடைய காணியைப் போன்ற காணிகளைப் பற்றி நான் எத்தனையோ செய்திகள் எழுதியிருக்கிறேன். ஏக்கர் கணக்கிலேயே எழுதினேன். எந்தத் தடையும் இல்லாமல் போய் இருக்கக்கூடிய வீட்டைப் பூட்டி வைத்து, அதன் விலையை நாம் மூவரும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது அவர் முன்னால் நின்றபோதுதான் உறைத்தது.

அன்றிரவு தங்கையிடம் இதைச் சொன்னேன். அழுத்தவில்லை. அவளுக்கும் கடன் இருக்கிறது என்பதை நான் அறிவேன். ஐந்து வருடம் பார்ப்போம், அதற்குப் பிறகு தன் சொல்லைக் கேட்க வேண்டும் என்றாள். ஒப்புக்கொண்டேன். கூரைச் செலவை அண்ணர் அனுப்பினார். நொத்தாரிசு முன்னிலையில் ஐந்து வருடக் குத்தகை எழுதினோம். வாடகையில் பாதி வீட்டுத் திருத்த வேலைக்கு, மீதி தங்கைக்கு.

தைப்பொங்கலுக்கு முன் அவர்கள் குடிவந்தார்கள். புதிய பூட்டின் திறப்புகளைப் பெரியவரிடம் கொடுத்தேன். சுவாமி அறை ஆணியில் இருந்ததைக் கழற்றப் போனபோது, "அது கிடக்கட்டும், தம்பி. எங்களிட்டையும் அப்பிடி ஒண்டு இருக்கு" என்றார் அவருடைய மனைவி.

இப்போது அந்த ஆணியில் இரண்டு பழைய திறப்புகள் தொங்குகின்றன.