அலுமாரிச் சாவி

எங்கள் உம்மாவிடம் ஒரு பெரிய பித்தளைக் கிடாரம் இருந்தது. அதன் விளிம்பில் வாப்பாவின் பெயரின் முதலெழுத்துகள் வெட்டப்பட்டிருக்கும். ஊரில் கலியாணம், கத்தம் எதுவென்றாலும் அது இரவல் போய்விடும். எங்கள் வீட்டில் இருந்த நாட்களைவிட அயல் வீடுகளில் இருந்த நாட்களே அதிகம். "குடுக்கக்குள்ள சட்டியப் பாத்துக் குடு, திரும்பி வரக்குள்ள ஆளின்ட முகத்தப் பார்" என்பார் உம்மா. சட்டியைப் பற்றிச் சொன்னது அப்போதே விளங்கியது. முகத்தைப் பற்றிச் சொன்னது விளங்கப் பல வருடங்கள் சென்றன.

நான் ஒரு பல்கலைக்கழகத்தில் லிகிதராக வேலை பார்க்கிறேன். மாணவர்களுக்கும் விரிவுரையாளர்களுக்கும் இரவல் கொடுக்கும் சாதனங்கள் என் பொறுப்பில் இருக்கின்றன. மடிக்கணினி, மல்டிமீடியா, கெமரா, மைக், நீட்டு வயர் என்று பலவும் உண்டு. ஒவ்வொன்றிலும் இலக்கம் ஒட்டியிருக்கும். யார் எடுத்தார், எப்போது திருப்பித் தர வேண்டும் என்பதைப் பதிவேட்டில் எழுதுவேன். அதிகம் தொலைவது கணினி அல்ல, சார்ஜர்தான்.

வருடத்துக்கு ஒருமுறை பொருட்களை எண்ணிப் பார்க்க ஒரு குழு வரும். ஒன்று குறைந்தால் பொறுப்பாளர் விளக்கம் எழுத வேண்டும். கவலையீனம் என்று முடிவானால் அந்த நட்டத்தை அவரே கட்டவும் நேரிடலாம். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு என் சம்பளத்தில் ஒரு கணினியின் விலையை நான் எப்படிக் கட்டுவது? ஆகவே பதினொரு மடிக்கணினிகளை இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். கேட்டு வருபவர்களிடம், "நிரந்தர ஊழியர் ஒருவர் பிணை நிற்க வேண்டும்" என்ற விதியைக் காட்டுவேன். பலர் அத்தோடு போய்விடுவார்கள்.

2019 ஆம் ஆண்டின் கடைசியில் முதலாம் வருட மாணவி ஒருத்தி வந்தாள். புத்தளப் பக்கத்துப் பிள்ளை. வாப்பாவுக்கு உப்பளத்தில் கூலி வேலை.

"எனக்கு இங்க ஒருத்தரையும் தெரியாது மிஸ். யார்கிட்ட பிணை கேக்குறது?" என்றாள்.

"அதுக்கு நான் ஒன்றும் செய்ய ஏலாது மகள்" என்றேன். அவள் முகம் கறுத்துப் போனதைக் கண்டும் காணாதது போல் பதிவேட்டைப் புரட்டினேன்.

2020 மார்ச்சில் கொரோனாவினால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. பிள்ளைகள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். விரிவுரைகள் 'சூம்' வழியாக நடந்தன. பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ன்' வலையமைப்பு அதற்கு வழி செய்தது. மாணவர்கள் காசில்லாமல் இணைவதற்கும் தொலைபேசி நிறுவனங்கள் இடங்கொடுத்தன. எல்லாம் நல்ல ஏற்பாடுதான். ஆனால் கையில் கருவி இல்லாத பிள்ளைக்கு அதனால் என்ன பயன்?

சில மாதங்கள் கழித்து அலுவலகம் திறந்தபோது அந்தப் பிள்ளை தொலைபேசியில் அழைத்தாள். வாப்பாவின் போனில்தான் படிப்பதாகவும், அவர் வேலைக்குப் போனால் போனும் போய்விடுவதாகவும் சொன்னாள். புள்ளிவிபர ஒப்படையை அந்தச் சின்னத் திரையில் செய்ய முடியவில்லையாம். ஒரு கணினி கிடைக்குமா என்று கேட்டாள். நான் மீண்டும் பிணையைப் பற்றிச் சொன்னேன். "பரவாயில்ல மிஸ்" என்று போனை வைத்துவிட்டாள்.

அன்று மாலை ஏனோ மனம் கேட்கவில்லை. அலுமாரியைத் திறந்து ஒவ்வொரு கணினியாகச் சார்ஜரில் போட்டுப் பார்த்தேன். ஐந்து கணினிகளில் பற்றரி ஏறவேயில்லை. இரண்டின் வயிறு வீங்கி, மூடி சரியாக மூடவில்லை. தொழில்நுட்ப உதவியாளரை அழைத்தேன். லித்தியம் பற்றரி முற்றாக இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் செத்துவிடும் என்றும், முழுவதும் ஏற்றிப் புழுக்கமான இடத்தில் வைத்தாலும் கெட்டுவிடும் என்றும் அவர் சொன்னார். பாவிக்காமல் வைப்பதானால் பாதியளவு ஏற்றி, இடையிடையே எடுத்துப் பார்க்க வேண்டுமாம். வீங்கியதைக் குத்தவோ அமுக்கவோ கூடாது, தீப்பிடிக்கும் என்றும் எச்சரித்தார்.

அவ்வருடம் எண்ணிப் பார்க்க வந்த குழுவினர் பதினொன்றும் சரி என்று கையொப்பமிட்டார்கள். ஒன்றும் தொலையவில்லை அல்லவா? எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

அந்தப் பிள்ளை அந்தப் பாடத்தை மீண்டும் எழுத வேண்டியதாயிற்று. அதற்கு நான் மட்டும் காரணமில்லை என்று யாரும் சொல்லலாம். ஆனால் சாவி என்னிடம்தான் இருந்தது.

பிணைக்குப் பதிலாகத் துறைத் தலைவரின் கடிதம் போதும் என்று விதியை மாற்றும்படி மேலதிகாரிக்கு எழுதினேன். மூன்று மாதம் அலைந்த பிறகு சம்மதித்தார். இப்போது கணினி, சார்ஜர், பை மூன்றையும் மாணவர் முன்னிலையில் திறந்து பார்த்து, பழைய கீறல்களையும் எழுதிக் கையொப்பம் வாங்குகிறேன். திரும்பி வந்ததும் உள்ளேயுள்ளவற்றை முழுவதும் அழித்த பிறகே அடுத்தவருக்குக் கொடுக்கிறேன். ஒரு பெண்பிள்ளையின் குடும்பப் படங்கள் அன்னியர் கைக்குப் போய்விடக் கூடாதல்லவா?

பிறகு ஒருநாள், தவணை கடந்து இரண்டு கிழமையாகியும் வராத ஒரு பையன் வந்து நின்றான். உம்மா சொன்னது போல் முகத்தைப் பார்த்தேன். பயத்தில் வெளுத்திருந்தது. "முதல்ல உட்காருங்க தம்பி. என்ன உடைஞ்சது?" என்று கேட்டேன். பஸ் நெரிசலில் திரை வெடித்துவிட்டதாம். ஏசுவார்கள் என்று பயந்து ஒளித்து வைத்திருந்தான். உடனே அறிக்கை எழுதி, திரையை மட்டும் மாற்றுவித்தோம். பயமுறுத்தியிருந்தால் அந்தக் கணினி திரும்பியே வந்திருக்காது.

2022 இல் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து 360 ரூபாய் அளவுக்கு ஏறியபோது மடிக்கணினி பல குடும்பங்களின் கைக்கு எட்டாப் பொருளாகிவிட்டது. அப்போதுதான் இந்த இரவலின் அருமை நன்றாகத் தெரிந்தது.

தாய்மாரே, உங்கள் பிள்ளைகள் கெம்பஸ் போனால் இரவல் கேட்பதில் வெட்கமில்லை என்று சொல்லி அனுப்புங்கள். வாங்கும்போது குறைகளை எழுதுவிக்கட்டும். திருப்பிக் கொடுக்குமுன் தம் வேலைகளைப் பிரதி எடுத்து வைக்கட்டும். ஏதும் உடைந்தால் அன்றே போய்ச் சொல்லட்டும்.

எனக்கு நானே சொல்லிக்கொள்வது ஒன்றுதான். பொறுப்பில் வந்த பொருள் அமானிதம். அதைத் தொலையாமல் காப்பது அதில் பாதி. தேவைப்பட்டவர் கையில் அதைக் கொண்டு சேர்ப்பது மறு பாதி. உம்மாவின் கிடாரம் நெளிந்து, அடி கறுத்து, இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. எத்தனையோ வீடுகளுக்குச் சோறாக்கிய கிடாரம் அது.